போர் நூல்கள் வாசிப்புச் சவாலில் சேரலாமா?

ஓராண்டில் பன்னிரண்டு நூல்கள், எல்லாம் போரைப் பற்றியவை என்றொரு வாசிப்புச் சவாலுக்கு நண்பர் அழைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவரை வாசித்தவை பெரும்பாலும் குடும்ப நாவல்கள், கொஞ்சம் வரலாறு. சேரலாமா, எந்த நூல்களை எடுப்பது, எவை கணக்கில் சேரும், மனம் கனத்துப்போகாதா, பதினான்கு வயது மகளையும் சேர்த்துக்கொள்ளலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

சேருங்கள். ஆனால் 'கட்டாயம் வாசிக்க வேண்டிய போர் நூல்கள்' என்று சுற்றிக்கொண்டிருக்கும் பட்டியல்களைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப்போரிலேயே நின்றுவிடும். அதிலும் ஐரோப்பாவைத் தாண்டாது. பன்னிரண்டையும் அங்கேயே செலவழித்தால் ஆண்டு முடிவில் உங்களுக்கு டாங்கிகளின் பெயர்கள் மனப்பாடம் ஆகியிருக்கும். போரைப் பற்றித் தெரிந்துகொண்டது அந்த அளவுக்கு இருக்காது.

போர் நூல் எதை எடுத்தாலும் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட்டுத்தான் நான் முதல் பக்கத்துக்குப் போவேன். எழுதியவர் எங்கே நின்றிருந்தார்? எத்தனை ஆண்டுகள் கழித்து எழுதினார்? பதுங்குகுழியில் இருந்தவருக்கும் தலைமையகத்தில் வரைபடத்தின் முன் இருந்தவருக்கும் ஊரில் கடிதத்துக்குக் காத்திருந்தவருக்கும் நடந்தது ஒரே போர் அல்ல. எனவே நூல்களை ஒவ்வொன்றாக அல்ல, இரண்டிரண்டாக எடுங்கள். ஒரே போர், இரண்டு இடங்களில் நின்று பார்த்தவர்கள். முதல் நூல் உங்களை முழுதாக நம்பவைத்துவிடும். இரண்டாவது வந்து அந்த நம்பிக்கையோடு சண்டை போடும். பன்னிரண்டு நூல்கள் என்றால் ஆறு ஜோடிகள். ஆறு முடியாவிட்டால் நான்கு ஜோடிகள் போதும். நண்பரின் விதி பன்னிரண்டு என்றால் மீதி நான்கையும் மெலிந்த நூல்களால் நிரப்பிக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

முதல் ஜோடிக்கு முதல் உலகப்போரின் மேற்கு முனை, அதாவது பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்துப் போர்க்களம். எரிக் மரியா ரெமார்க்கின் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' 1929-ல் நூலாக வந்தது. எர்ன்ஸ்ட் யுங்கரின் 'ஸ்டார்ம் ஆஃப் ஸ்டீல்' 1920-ல் வந்தது. இருவரும் ஜெர்மானியர், இருவரும் அதே படையில், அதே முனையில் இருந்தவர்கள். ரெமார்க் 1917-ல் சில வாரங்களே முன்னணியில் இருந்து காயத்தோடு திரும்பினார். யுங்கர் ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தார், பலமுறை காயம்பட்டார், ஜெர்மனியின் மிக உயர்ந்த வீர விருதையும் பெற்றார். ரெமார்க்கின் நாவலில் ஒரு ஜோடி பூட்ஸ் வருகிறது. கால் துண்டிக்கப்பட்ட நிலையில் மருத்துவமனையில் கிடக்கும் இளைஞனுடையது. நல்ல தோல், மிருதுவானது. அவன் இன்னும் உயிரோடிருக்கும்போதே நண்பன் ஒருவன் அதைக் கேட்கிறான். கேட்பவன் கொடியவன் அல்ல. அவனுடைய பூட்ஸ் கடிக்கிறது, அவ்வளவுதான். பிறகு அந்தப் பூட்ஸ் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ன பொருள் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

அதை முடித்த கையோடு யுங்கரை எடுத்தால் திடுக்கிடுவீர்கள். அதே சேறு, அதே குண்டுமழை; ஆனால் இந்த மனிதருக்கு அதில் ஓர் உற்சாகம் இருக்கிறது. தாக்குதலுக்குக் கிளம்பும் நேரத்தில் ரத்தம் சூடேறுவதை அவர் மறைக்கவே இல்லை. பலர் இந்த நூலைப் பாதியில் கோபத்தோடு மூடிவைக்கிறார்கள். மூடாதீர்கள். போரில் மனிதர்கள் துன்பப்பட்டார்கள் என்பதை மட்டும் சொல்லும் நூல்களையே வாசித்துக்கொண்டிருந்தால், இவ்வளவு துன்பம் தெரிந்தும் ஏன் திரும்பத் திரும்பப் போகிறார்கள் என்ற கேள்விக்கு விடையே கிடைக்காது. யுங்கர் அந்த விடையின் ஒரு பகுதி. அவர் இந்த நூலை வாழ்நாள் நெடுகத் திருத்திக்கொண்டே இருந்தார் என்பதால், கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரெமார்க்கின் நாவலோ 1933 மே மாதத்தில் நாஜிகள் கொளுத்திய குவியல்களில் எரிந்தது.

இரண்டாவது ஜோடிதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஹிரோஷிமா. ஜான் ஹெர்சி என்ற அமெரிக்கச் செய்தியாளர், குண்டு விழுந்த மறு ஆண்டு அங்கே போய், தப்பிப் பிழைத்த ஆறு பேரிடம் பேசி எழுதினார். 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட 'நியூ யார்க்கர்' இதழ் அந்த ஒரு கட்டுரைக்கே முழுவதுமாக ஒதுக்கப்பட்டது. நூலாக்கினாலும் சிறியதுதான், இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். அடைமொழிகளே கிட்டத்தட்ட இல்லாத நடை. தகரத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்த தொஷிகோ சசாகி என்ற இளம்பெண், பக்கத்து மேசைக்காரியிடம் பேசத் தலையைத் திருப்புகிறாள். அந்த நொடியில் வெளிச்சம். அவளுக்குப் பின்னால் இருந்த புத்தக அலமாரிகள் சரிந்து அவள்மேல் விழுகின்றன. அணுயுகம் பிறந்த கணத்தில் ஒரு பெண் புத்தகங்களுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறாள் என்பதை ஹெர்சி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். செஞ்சிலுவை மருத்துவமனையில் காயமின்றித் தப்பிய ஒரே மருத்துவரும் ஒரு சசாகிதான், உறவு ஏதுமில்லை. அவருடைய கண்ணாடி தொலைந்துவிட, காயம்பட்ட ஒரு நர்ஸின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார். இந்தக் கண்ணாடி தரும் அதிர்ச்சியை எந்தப் புள்ளிவிவரமும் எனக்குத் தந்ததில்லை.

இதற்கு ஜோடியாக மசுஜி இபுசேயின் 'பிளாக் ரெய்ன்'. 1960களின் நடுவில் வந்த ஜப்பானிய நாவல். இங்கே பிரச்சினை குண்டு அல்ல, கல்யாணம். போர் முடிந்து ஆண்டுகள் ஆகியும், அன்று நகரத்தில் இருந்தவள் என்ற வதந்தியால் யசுகோ என்ற பெண்ணுக்கு வரன் தட்டிக்கொண்டே போகிறது. அவளுக்கு நோயில்லை என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு நிரூபிக்க, மாமா அவளுடைய நாட்குறிப்பைப் படியெடுக்கிறார், பிறகு தன்னுடையதையும். குடும்ப நாவல்கள் வாசித்துப் பழகிய உங்களுக்கு இதில் கால் வைக்க எந்தச் சிரமமும் இருக்காது. ஹெர்சி முதல் நாளையும் அடுத்த சில மாதங்களையும் காட்டுகிறார் என்றால், இபுசே வதந்தியின் ஆயுளைக் காட்டுகிறார். ஹெர்சியும் 1985-ல் அந்த ஆறு பேரைப் பற்றி இன்னோர் அத்தியாயம் சேர்த்தார்; அது உள்ள பதிப்பையே வாங்குங்கள்.

வியட்நாமுக்கு டிம் ஓ'பிரையனும் பாவோ நின்னும். ஒருவர் அமெரிக்கப் படையிலும் மற்றவர் வட வியட்நாம் படையிலுமாக எதிரெதிர்ப் பக்கங்களில் துப்பாக்கி பிடித்தவர்கள். ஓ'பிரையனின் 'தி திங்ஸ் தே கேரீட்' (1990) தொகுப்பின் முதல் கதை, ஒவ்வொரு சிப்பாயும் முதுகில் சுமந்தவற்றை எடையோடு பட்டியலிடுகிறது: துப்பாக்கி, தண்ணீர், ரேடியோ, காதலியின் கடிதங்கள். பாத்திரத்துக்கும் ஓ'பிரையன் என்றே பெயர், ஆனால் அது புனைவு. போர்க்கதையில் நீதி ஏதாவது தென்பட்டால் நம்பாதீர்கள் என்கிறார் அவர். போர் நூல் வாசகருக்கு இதைவிடப் பயனுள்ள எச்சரிக்கை கிடையாது. பாவோ நின்னின் 'தி சாரோ ஆஃப் வார்' வென்ற தரப்பிலிருந்து வந்த நாவல். வெற்றிக்குப் பிறகு காட்டில் சக வீரர்களின் எலும்புகளைத் தேடிச் சேகரிக்கும் குழுவில் இருக்கிறான் கீன். அவனிடம் வெற்றியின் சாயலே இல்லை. காலம் முன்னும் பின்னுமாகத் தாவும். முதல் ஐம்பது பக்கங்களுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். போர் இலக்கியம் என்றதும் மொழிபெயர்ப்புகளைத் தேடி ஓடுவது நம்மவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. போரையே பாடுபொருளாக வகுத்து, ஆநிரை கவர்வதிலிருந்து வாகை சூடுவதுவரை ஒவ்வொன்றுக்கும் ஒரு திணை வைத்த மொழி இது. புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பாட்டு (278) எல்லாருக்கும் தெரியும். மகன் புறமுதுகிட்டான் என்று பலர் சொல்லக் கேட்ட முதியவள், வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டதும் பெற்ற நாளைவிடப் பெரிதாக மகிழ்கிறாள். மேடைகளில் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதே தொகுப்பின் 112-ஆம் பாட்டை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். பாரி மகளிர் பாடியது. போன மாத நிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், எங்கள் குன்றும் பிறர் கையில் இல்லை. இந்த மாத நிலவில் வென்ற வேந்தர்கள் குன்றைக் கொண்டார்கள், எங்களுக்குத் தந்தையும் இல்லை. ஐந்தே அடிகள். யாரையும் திட்டவில்லை, வீரம் பேசவில்லை. பிறகு 45-ஆம் பாட்டு: உறையூரை முற்றுகையிட்டிருந்த நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைந்துகிடந்த நெடுங்கிள்ளிக்கும் இடையில் நின்று கோவூர்கிழார் பேசுகிறார். எதிரில் இருப்பவன் பனம்பூ சூடிய சேரனும் அல்ல, வேம்பு சூடிய பாண்டியனும் அல்ல. உன் தலைமாலையும் சோழரின் ஆத்தி, அவன் தலைமாலையும் ஆத்தி. இருவரில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். களத்தில் தேடும் தாய், எல்லாம் இழந்த மகள்கள், நடுவில் நிற்கும் புலவர் என மூன்று இடங்கள், ஒரே நூலில். ஒரு மாதத்துக்குப் புறநானூற்றை மட்டும், நல்ல உரையோடு, நாளுக்கு ஒன்றிரண்டு பாட்டாக வாசித்தால்கூடச் சவாலின் நோக்கம் நிறைவேறிவிடும்.

கலிங்கத்துப்பரணியையும் விடாதீர்கள். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானின் கலிங்க வெற்றியைச் செயங்கொண்டார் பாடினார். வெற்றிப் பாட்டுதான், ஐயமில்லை. ஆனால் அதன் முடிவில் பேய்கள் களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து, பந்தி வைத்து உண்கின்றன. அரசனைப் புகழ வந்த நூலில் இவ்வளவு விரிவான சமையல் எதற்கு என்று வாசிக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். புலவர்கள் புகழ்ச்சிக்கு நடுவில் என்னென்ன சொல்லிவிடுகிறார்கள் என்பது தனியாக ஆராய வேண்டியது.

இருபதாம் நூற்றாண்டுக்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தென்கிழக்காசியா, ஜப்பானியர் வசம் போன சுமத்ராவின் மேடான், பினாங்கு, இந்திய தேசிய ராணுவம். சிங்காரம் அந்த ஆண்டுகளில் மேடானில் வாழ்ந்தவர். வீரமும் வியாபாரமும் தமிழ்ப் பெருமையின் மீதான கிண்டலும் ஒரே மூச்சில் வரும் நாவல். வட்டிக்கடைப் பையன்களின் கண் வழியே உலகப்போரைக் காட்டும் நூல் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஈழப்போரைப் பற்றி வாசிக்கும்போதுதான் ஜோடி முறை மிகவும் தேவைப்படும், ஏனென்றால் இங்கே நாம் யாரும் வெளியாள் இல்லை. 'முறிந்த பனை' யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் சேர்ந்து எழுதியது. அவர்களில் ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016-ல், அவர் இறந்த பின் வந்தது. ஒன்று போரின் நடுவில் ஊரில் நின்றவர்களின் குரல், மற்றது இயக்கத்துக்குள் இருந்து போர் முடிந்தபின் திரும்பிப் பார்க்கும் குரல். இரண்டையும் கடுமையாக மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மறுப்புகளையும் தேடி வாசியுங்கள். மூன்றாவதாக ஷோபாசக்தியின் 'கொரில்லா'. அகதி விண்ணப்பத்தின் வடிவில் தொடங்கும் நாவல். தன் கதை உண்மை என்று அதிகாரி ஒருவரை நம்பவைத்தால்தான் உயிர் பிழைக்க முடியும் என்ற நிலையில் ஒருவன் தன் போரை எப்படிச் சொல்வான் என்பதை இதைவிட நெருக்கமாகக் காட்ட முடியுமா தெரியவில்லை.

காலத்தின் தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'அங்கே இருந்தவர் எழுதியதுதான் உண்மை' என்று ஒரு சாரார் பிடிவாதம் பிடிப்பார்கள். டால்ஸ்டாய் பிறந்தது 1828-ல்; 'போரும் வாழ்வும்' விவரிக்கும் நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பு 1812-ல். ஆனால் அவர் கிரிமியப் போரின் செவஸ்தபோல் முற்றுகையில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்தவர். குண்டு விழும் ஓசை அவருக்குத் தெரியும். நைஜீரியாவின் பயாஃப்ரா உள்நாட்டுப் போரைப் பற்றி 'ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்' எழுதிய சிமமாண்டா அடிச்சி பிறந்தது 1977-ல், அந்தப் போர் முடிந்து ஏழு ஆண்டுகள் கழித்து. மறுபக்கம், ஸ்டாலின்கிராடில் செய்தியாளராக நின்ற வாசிலி கிராஸ்மன் 'லைஃப் அண்ட் ஃபேட்' எழுதினார். 1961-ல் சோவியத் உளவுத்துறை கையெழுத்துப் படியோடு தட்டச்சு ரிப்பன்களையும் அள்ளிக்கொண்டு போனது. 1964-ல் அவர் இறந்தார்; நூல் 1980-ல் வெளிநாட்டில் வந்தது. சில நூல்கள் தாமதமாக வருவதற்கு எழுத்தாளர் காரணம் அல்ல.

இரண்டு பக்கங்களையும் ஒரே ஆள் பார்த்த அபூர்வமும் உண்டு. ஏதென்ஸுக்கும் ஸ்பார்டாவுக்கும் நடந்த பண்டைக் கிரேக்கப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ், ஆம்ஃபிபோலிஸ் நகரைக் காக்கத் தவறியதற்காக ஏதென்ஸ் நாடுகடத்திய தளபதி. நாடுகடத்தப்பட்டதால்தான் எதிர்த்தரப்பிலும் போய் விசாரிக்க நேரம் கிடைத்தது என்று அவரே குறிப்பிடுகிறார்.

இனி, எவை கணக்கில் சேரும் என்ற கேள்வி. நண்பரிடம் விதிகளைக் கேட்டுவிடுங்கள். ஆனால் என்னைக் கேட்டால் நாவல், நினைவுக்குறிப்பு, கவிதை, கடிதம், சித்திரக்கதை எல்லாம் சேரும். துப்பாக்கிகளின் பட்டியலும் விமானங்களின் வேகமும் மட்டுமே உள்ள நூல்கள் சேராது. கடிதத் தொகுப்புகளைக் குறிப்பாகச் சொல்கிறேன். முதல் உலகப்போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். பலர் எழுதத் தெரியாமல் பிறரைக் கொண்டு எழுதுவித்த கடிதங்கள், தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்ததால்தான் இன்று நமக்குக் கிடைக்கின்றன. தணிக்கை நடப்பது தெரிந்தே எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது, இனிச் சிவப்பு மிளகைப் போடுகிறார்கள் என்பது போல வரும். கறுப்பு மிளகு இந்தியச் சிப்பாய்கள், சிவப்பு மிளகு வெள்ளையர்கள். ஆள் எந்த வேகத்தில் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற செய்தி அதிகாரியின் கண்முன்னே ஊர் போய்ச் சேர்ந்தது.

பெண்களின் குரல் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது என் கண்டிப்பு. ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் 'தி அன்வுமன்லி ஃபேஸ் ஆஃப் வார்' நூலுக்காகச் சோவியத் படையில் இருந்த பெண்களிடம் ஆண்டுக்கணக்கில் பேசினார். பெரிய அளவு பூட்ஸ், ஆண்களின் உள்ளாடை, போர் முடிந்தபின் பதக்கங்களை ஒளித்துவைத்தது என்று ஆண்கள் எழுதாத விவரங்கள் வந்துகொண்டே இருக்கும். 1985-ல் தணிக்கை வெட்டியவற்றைப் பிற்காலப் பதிப்பில் அவர் திரும்பச் சேர்த்தார். அதைத் தேடி வாங்குங்கள். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததால் அது எளிதில் கிடைக்கிறது.

மனம் கனக்குமா? கனக்கும். கனக்காமல் வாசித்தால் எங்கோ தவறு. ஆனால் நசுங்க வேண்டியதில்லை. வதைமுகாம் நூல்கள் இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். படுக்கப்போகும் நேரத்தில் இவற்றை எடுக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் வாசித்துவிட்டு இரவுக்கு வேறு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். நடுநடுவே அங்கதம் சேருங்கள்: யாரோஸ்லாவ் ஹாஷெக்கின் 'ஷ்வைக்', ஜோசஃப் ஹெல்லரின் 'கேட்ச்-22'. ஹெல்லரின் நாவலில் வரும் ராணுவ விதி இது: பைத்தியம் என்றால் குண்டுவீச்சு விமானத்தில் பறக்க வேண்டியதில்லை, ஆனால் பறக்க மாட்டேன் என்று கேட்பவனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று பொருள், எனவே பற. சிரித்துவிட்டு அதன் பிறகு சற்று நேரம் யோசிப்பீர்கள். போரை நேரில் அனுபவித்தவரோ அப்படி ஒருவரோடு வாழ்பவரோ உங்கள் குழுவில் இருந்தால், அவர் எந்த நூலை வேண்டாம் என்று சொன்னாலும் காரணம் கேட்காமல் விட்டுவிடச் சொல்லுங்கள்.

'போரும் வாழ்வும்' எடுப்பதாக இருந்தால் அதைச் சவாலின் ஒரு மாதத்துக்குள் திணிக்காதீர்கள். மொத்தம் 361 அத்தியாயங்கள். பெரும்பாலானவை சில பக்கங்கள்தான். நாளுக்கு ஒன்று என்று ஜனவரியில் தொடங்கினால் மற்ற நூல்களோடு இணையாக ஆண்டு முழுவதும் ஓடும். டி. எஸ். சொக்கலிங்கத்தின் தமிழாக்கம் இருக்கிறது. பெயர்கள் குழப்பும், ஒரு தாளில் குடும்பவாரியாக எழுதி நூலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் ஒன்றும் எல்லா நூல்களுக்கும் தேவை. எந்த ஊர் எந்த ஆற்றுக்கு எந்தக் கரையில் இருக்கிறது என்று தெரியாமல் போர் நூல் வாசிப்பது வீண்.

வாசித்தபின் நட்சத்திர மதிப்பெண் கொடுப்பது பல சவால்களில் வழக்கம். முகாமில் இருந்து மீண்ட ஒருவரின் வாக்குமூலத்துக்கு ஐந்துக்கு மூன்றரை போடுவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். அதற்குப் பதிலாக மூன்று வரிகள் எழுதுங்கள்: எழுதியவர் எங்கே நின்றார், யாரைப் பார்க்கவே இல்லை, அடுத்து யாரிடம் கேட்க வேண்டும். மூன்றாவது வரியிலிருந்து அடுத்த ஜோடி தானாகக் கிடைத்துவிடும்.

கடைசியாக உங்கள் மகள். சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பன்னிரண்டு வேண்டாம், மூன்று போதும். நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு முதலில். அதைத் தொடங்கும்போது ஆனுக்கு வயது பதிமூன்று. இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள்: 1944 மார்ச்சில், போர்க்கால நாட்குறிப்புகளைப் பாதுகாத்து வையுங்கள் என்ற அறிவிப்பை வானொலியில் கேட்டபின் ஆன் தன் குறிப்புகளை வெளியிடும் எண்ணத்தோடு திருத்தி எழுதத் தொடங்கினாள். அவள் அறிந்தே எழுதிய எழுத்தாளர் என்று தெரிந்தால் அதே வயதுப் பெண் அந்த நூலை வேறு மாதிரி வாசிப்பாள். இரண்டாவது, ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்'. யூதர்கள் எலிகளும் நாஜிகள் பூனைகளுமாக வரையப்பட்ட சித்திரக்கதை, நாஜி வதைமுகாமிலிருந்து தப்பிய தந்தையோடு மகன் சண்டை போட்டுக்கொண்டே கதை கேட்பது. மூன்றாவதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். ஹிரோஷிமாவைப் பற்றிய 'பேர்ஃபுட் ஜென்' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையைக் கேட்டால் முதல் தொகுதியை நீங்கள் முதலில் புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். வரைந்தவர் கெய்ஜி நகசாவா ஆறு வயதில் ஹிரோஷிமாவில் இருந்தவர், எதையும் மறைத்து வரையவில்லை. பாவோ நின்னும் அலெக்ஸியேவிச்சும் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கட்டும். ஹெர்சியை மட்டும் நீங்கள் வாசிக்கும் அதே வாரத்தில் அவளும் வாசிக்கலாம்.